உங்கள் இரண்டாவது விருப்பம் யார்?

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஒன்பதாம் வகுப்பில் தேர்தலும் அரசியல் கட்சிகளும் பற்றிய பாடத்தை நடத்தும்போது மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வேட்பாளர்களில் ஒருவரை நாம் தேர்ந்தெடுக்கிறோம். அந்த வேட்பாளரையே யார் தேர்ந்தெடுக்கிறார்கள், சார்?" நம் நாட்டில் கட்சித் தலைமை என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் அந்தத் தேர்வும் பெரும்பாலும் வாக்காளர்களிடமே இருக்கிறது. அதில் அயோவா மாநிலத்தின் ஜனநாயகக் கட்சியினர் 2020 வரை பின்பற்றிய முறையைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அங்கே அதற்கு 'காக்கஸ்' என்று பெயர்.

கடுங்குளிர்கால இரவு, ஏழு மணி. ஒரு பகுதியில் குடியிருக்கும் கட்சி ஆதரவாளர்கள் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலோ தேவாலயத்திலோ நூலகத்திலோ கூடுவார்கள். பொதுத்தேர்தல் நாளுக்குள் 18 வயது நிரம்பும் என்றால் 17 வயது மாணவரும் வரலாம். வாக்குச்சீட்டு மறைப்பெல்லாம் கிடையாது. இந்த மூலையில் ஒரு வேட்பாளரின் ஆதரவாளர்கள், அந்தச் சுவரோரம் இன்னொருவருடையவர்கள் என்று பிரிந்து நிற்பார்கள். தலைகளை எண்ணுவார்கள்.

இதற்குப் பிறகுதான் எனக்குப் பிடித்த கட்டம். பெரும்பாலான இடங்களில், வந்தவர்களில் 15 சதவீதம் பேராவது நிற்காத அணி செல்லாது. அந்த அணியினர் வேறு அணிக்குப் போகலாம், வீட்டுக்கும் போகலாம். உடனே மற்ற அணியினர் அவர்களைத் தேடி வருவார்கள். "உங்கள் இரண்டாவது விருப்பம் யார்?" என்று கேட்பார்கள்.

வருபவர் எப்படிப் பேச வேண்டியிருக்கும் என்று பாருங்கள். எதிரில் நிற்பவர் விரும்பிய வேட்பாளரை அவர் இகழ முடியாது. இகழ்ந்தால் அந்த ஆள் கிடைக்க மாட்டார். எனவே "உங்களுக்கு எது முக்கியம்?" என்று முதலில் கேட்டாக வேண்டும். 2020இல் மருத்துவக் காப்பீடு பெரிய வாதமாக இருந்தது. எல்லோருக்கும் அரசே காப்பீடு தர வேண்டும் என்றார் சாண்டர்ஸ். விரும்பியவர் மட்டும் அதில் சேரட்டும் என்றார் புட்டிஜெஜ். டிரம்பை யார் வெல்வார் என்ற கணக்கு வேறு. எதிரில் இருப்பவரின் கவலை இவற்றில் எது என்று தெரியாமல் பேசினால் பேச்சு வீண்.

அந்த ஆண்டு இரண்டு சுற்று எண்ணிக்கையும் முதன்முறையாக வெளியிடப்பட்டன. புட்டிஜெஜ் முதல் சுற்றில் 21 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தார். இறுதிச் சுற்றில் 25. பைடன் 15இலிருந்து 14க்கும் கீழே இறங்கினார். பல இடங்களில் அவருடைய அணியே செல்லாததாகிப் பிரிந்து போனது. அந்த ஆண்டுத் தேர்தலில் வென்று குடியரசுத் தலைவரானவர் அவர்தான் என்பதை மாணவர்களிடம் கடைசியில் சொல்லுங்கள், நன்றாக ரசிப்பார்கள்.

ஆனால் இந்த முறையை முழுதாகப் புகழ என்னால் முடியவில்லை. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் எப்படி வருவார்? கைக்குழந்தைக்காரி? 2008இல் ஒபாமா வென்றபோது ஏறத்தாழ 2.4 லட்சம் பேர் வந்தார்கள். அதைப் பெரும் கூட்டம் என்றார்கள். சுமார் 30 லட்சம் மக்கள் வாழும் மாநிலம் அது. இன்னொன்று, அதைவிடக் கடினமானது. முதலாளி ஒரு மூலையில் நின்றால் அவரிடம் வேலை பார்ப்பவர் எதிர் மூலைக்கு நடந்து போவாரா? 2020இல் முடிவுகளைச் சேகரித்த செயலி கோளாறாகி, முடிவு வெளியாவது நாள்கணக்கில் தாமதமானது. 2024இல் அஞ்சல் வழி விருப்பச்சீட்டுக்கு மாறிவிட்டார்கள். அதோடு அந்த வாதமும் நின்றுபோனது.

வகுப்பில் வாதத்தையும் ரகசியத்தையும் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். கட்சி வேண்டாம். கல்விச் சுற்றுலாவுக்கு எந்த ஊர் என்பது போதும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் 15 சதவீதம் என்றால் ஆறு பேர். ஐந்து பேர் மட்டும் விரும்பிய ஊர் விலகும். அந்த ஐவரிடம் மற்றவர்கள் பேசட்டும்.

மூலைகளில் மட்டும் நிற்க வைக்காதீர்கள். எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருப் பிள்ளையோடு போய் நிற்கிறது என்பது நம் ஊரில் ஊருக்கே தெரிந்த கணக்காகிவிடும். தனியாகப் போய் நிற்கத் துணியாத பிள்ளை கூட்டத்தோடு போய்விடும். ஆகவே முதல் விருப்பத்தைச் சீட்டில் எழுதி வாங்குங்கள், பெயர் வேண்டாம். எண்ணி, விலகிய ஊரை மட்டும் அறிவியுங்கள். அதைக் கேட்டவர்கள் யார் என்று விசாரிக்க வேண்டாம். வகுப்பு முழுவதையும் பார்த்தே பேசட்டும். பேசுபவர் விலகிய ஊரின் நல்ல அம்சம் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் தன் ஊரைப் பற்றித் தொடங்க வேண்டும். பிறகு மறுபடி சீட்டு. ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும். சீட்டு எண்ணும் வேலையைப் பின்வரிசைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.