நிழற்படத்தில் இரு பெண்கள்

வாளையார் கணவாயைக் கடந்து பாலக்காட்டுச் சீமையில் குடியேறிய தமிழர் இல்லங்களிலும், மதுரை எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் திருவுருவத்தை நாம் கண்டதுண்டு. பட்டுப் புடைவை, வைர மூக்குத்தி, மடியில் சாய்ந்த தம்பூரா. பூசையறைக்கு அணித்தாகவே அப்படத்தை மாட்டிவைப்பது நம்மவர் வழக்கம். நாம் இன்று பேசப் புகுவதோ வேறொரு படத்தைப் பற்றி.

அது 1937ஆம் ஆண்டில் ஒரு புகைப்பட நிலையத்தில் எடுக்கப்பட்டது. அதில் இருவர் உளர். ஒருவர் எம்.எஸ்.; மற்றவர் வீணை தனம்மாளின் பேர்த்தி, நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி. ஒருவருக்கு வயது இருபது, இருபத்தொன்று. மற்றவர் இரண்டாண்டு இளையவர். இருவரும் மேனாட்டார் உறங்கும்போது அணியும் காற்சட்டையும் மேற்சட்டையும் தரித்து, சிகரெட்டுடன் காட்சி தருகின்றனர். புகைப்பது போன்ற பாவனைதான்; விளையாட்டு!

இவ்விளையாட்டின் அருமையை உணர அக்காலத்து நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இருவரும் இசைவேளாளர் குலப் பெண்கள். எம்.எஸ்.ஸின் தாயார் சண்முகவடிவு வீணை வாசித்தவர். பாட்டியார் அக்கம்மாள் பிடில் வாசித்தவர். அக்குலத்துப் பெண்களின் கலையை உலகம் போற்றியது. அவர்களது வாழ்க்கையை மட்டும் ஐயுற்று நோக்கியது. ஆகவே புகைப்படக் கருவியின் முன் அமரும் பெண் கலைஞருக்குக் கண்ணியமான தோற்றம் ஓர் அலங்காரம் அன்று. அது ஒரு காப்பு. இசைத்தட்டு விளம்பரத்திற்கும் கச்சேரி அறிவிப்பிற்கும் அத்தோற்றமே வேண்டப்பட்டது. எம்.எஸ்.ஸின் குரல் 1926இலேயே, அவர் பத்து வயதுச் சிறுமியாய் இருந்தபோதே, இசைத்தட்டில் பதிவாகிவிட்டது. பிறர் விரும்பும் வண்ணம் தோன்ற வேண்டிய கட்டாயமும் அன்றே தொடங்கியது எனலாம்.

இந்த ஒரு படத்தில்தான் எவர் விருப்பத்திற்கும் இணங்காமல் இருவரும் தமக்காகவே நின்றனர் என்பது நம் எண்ணம். சிலர் இதைக் கண்டு முகஞ்சுளிக்கின்றனர். நமக்கோ சிரிப்பும், சிறிது ஏக்கமும் உண்டாகின்றன.

மூன்றாண்டுகளில், 1940இல், எம்.எஸ். சதாசிவம் அவர்களை மணந்தார். 1945இல் 'மீரா' திரைப்படம் வெளிவந்தது. பக்தியின் வடிவமாகவே நாடு அவரைக் கொண்டாடியது. அவர் உடுத்திய புடைவையின் நீலத்திற்கே 'எம்.எஸ். நீலம்' என்று பெயர் வந்தது. பாலசரஸ்வதியோ, கோயிற்பணிக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் தடை செய்த பின்னரும், தம் மரபின் நாட்டியத்தை மேடையில் விடாது ஆடிவந்தார். இசைப் பேரவையின் சங்கீத கலாநிதி பட்டம் எம்.எஸ்.ஸுக்கு 1968இலும், பாலசரஸ்வதிக்கு 1973இலும் வந்தது.

பாலசரஸ்வதி 1984இலும், எம்.எஸ். 2004இலும் மறைந்தனர். அந்தப் படத்தில் மட்டும் இருவரும் இன்னும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.