செய்தியின் முதல் வரி



உங்கள் பள்ளியின் சுவர்ப் பத்திரிகையைப் படித்துவிட்டுத்தான் மேடைக்கு வந்தேன். அழகான கையெழுத்து, பிழையில்லாத தமிழ். ஆனால் விளையாட்டுப் போட்டிச் செய்தியில் தேதி, கிழமை, மணி, திடல், தலைமை தாங்கியவர் எல்லாம் வந்து, எட்டாவது வரியில்தான் எந்த இல்லம் ஜெயித்தது என்று தெரிகிறது! அதுவரைக்கும் யார் காத்திருப்பார்கள்?

சிங்கப்பூரில் 1986 மார்ச் 15ஆம் நாள் நியூ வோர்ல்ட் ஹோட்டல் இடிந்து விழுந்தது உங்கள் தாத்தா பாட்டிக்கு நினைவிருக்கலாம். அதை இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: "சிராங்கூன் சாலையில், கீழ்த்தளத்தில் வங்கியும் மேலே ஹோட்டலும் இயங்கிவந்த ஆறு மாடிக் கட்டடம் ஒன்று சனிக்கிழமை முற்பகலில் ஒரு நிமிடத்துக்குள் இடிந்து விழுந்தது." தகவலெல்லாம் சரிதான். ஆனால் என்ன ஆச்சு என்பது கடைசியில்தானே வருகிறது? ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும். மற்றதைப் பின்னால் கோத்துக்கொண்டே போகலாம். தமிழில் வினைமுற்று வாசலுக்கு வராமல் கடைசி அறையில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலச் செய்தியை அப்படியே மொழிபெயர்த்தால் வாசகருக்கு மூச்சு வாங்கும். ஆகவே உடைத்து எழுதுங்கள்: "ஆறு மாடி ஹோட்டல் இடிந்து விழுந்தது. பலர் உள்ளே சிக்கியுள்ளனர்." எங்கே, எப்போது என்பதெல்லாம் அடுத்த வரியில் வரட்டும்.

'பலர்' என்கிறேன், கவனியுங்கள். 33 பேர் மாண்டனர், 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர் என்ற கணக்கு, பல நாள் நடந்த மீட்புப் பணிக்குப் பிறகுதான் முழுமையாகத் தெரிந்தது. கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் வடிவமைத்திருந்தார்கள் என்பதும் விசாரணையில்தான் வெளிவந்தது. முதல் நாளே தெருவில் யாரோ "கேஸ் வெடிச்சிருச்சாம்" என்றால், அதைத் தூக்கி முதல் வரியில் போடலாமா? அந்தக் கட்டடத்துக்கு வேலைக்குப் போன மகனைத் தேடும் தாயும் அதே வரியைத்தானே படிப்பாள்? தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். சுவைக்காக ஒரு பிணத்தைக் கூட்டாதீர்கள்.

இன்னொன்று. இடம் போதவில்லை என்றால் துணையாசிரியர் செய்தியின் வாலைத்தான் நறுக்குவார். ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்தே அதுதான் வழக்கம். வெட்டினாலும் நஷ்டமில்லாததை அங்கே வையுங்கள். மாலை அணிவித்தது, பொன்னாடை போர்த்தியது, வரவேற்புரை ஆற்றியது எல்லாம் அங்கே போகட்டும். உருப்படியாக ஏதும் சொல்லாத சிறப்பு விருந்தினரையும் அங்கேயே போடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.