வேலைக்கு வா என்றார்கள், வீட்டுக்குப் போ என்றார்கள்

(தொழிற்சங்க ஊழியர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேற்கிந்திய மக்கள், சமோவா மக்கள் என்ற இரு சமூகங்களின் வாழ்க்கை நிலையை ஒப்பிட்டுப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். மேற்கிந்தியரை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கிரிக்கெட் அந்த வேலையைச் செய்துவிட்டது. ஆனால் சமோவா எங்கே இருக்கிறது என்று நேற்று மாலை நம் தோழர் ஒருவர் கேட்டார். நானும் பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்துக்கொண்டவன்தான். இருவரும் பூகோளப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு தேடினோம். பசிபிக் மகாசமுத்திரத்தில், நியூஜிலாந்துக்கு வடகிழக்கே, உப்போலு, சவாயி என்று இரண்டு தீவுகள். பக்கத்தில் இருக்கும் கிழக்குச் சமோவா 1900 முதல் அமெரிக்காவின் கையில் இருக்கிறது. நான் பேசப்போவது மேற்கில் உள்ள, 1962 ஜனவரி 1-ல் சுதந்திரம் பெற்ற சமோவாவைப் பற்றி.

கடலுக்குக் கடல் தூரமான இந்த இரண்டு மக்களையும் ஏன் ஒரே தராசில் வைக்க வேண்டும்? யுத்தம் முடிந்தபின், கிட்டத்தட்ட ஒரே காலத்தில், இரு சாராரும் தங்களை ஆண்ட நாட்டுக்கே பிழைக்கப் போனார்கள். மேற்கிந்தியர் பிரிட்டனுக்குப் போனார்கள். சமோவா மக்கள் நியூஜிலாந்துக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் நமக்கு விஷயம்.

நிலம் பறிபோனவரும் நிலம் வைத்திருந்தவரும்

முதலில் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். மேற்கிந்தியத் தீவுகளின் மக்கள் அந்த மண்ணில் பிறந்த மூதாதையரின் வாரிசுகள் அல்லர். ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்டு, கரும்புத் தோட்டத்தில் கசக்கிப் பிழியப்பட்டவர்களின் சந்ததி. பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1833-ல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. அப்போது 2 கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தார்கள். யாருக்கு? அடிமைக்கு அல்ல, அடிமையை வைத்திருந்த முதலாளிக்கு! அதற்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் சர்க்கார் 2015-ல்தான் தீர்த்து முடித்தது. அதாவது, பிரிட்டனில் குடியேறிய மேற்கிந்தியத் தொழிலாளி, தன் பாட்டனை வைத்திருந்த எஜமானனுக்குக் கொடுத்த பணத்துக்குத் தன் வரிப்பணத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கிறான். விடுதலையான அடிமைக்கு ஒரு காணி நிலம்கூட இல்லை. கூலியை உயர்த்திக் கேட்டபோது, தோட்ட முதலாளிகள் கல்கத்தா, சென்னை துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். டிரினிடாடிலும் கயானாவிலும் நம் ஊர்ப் பெயர்கள் இன்றும் இருப்பது அதனால்தான்.

சமோவாவின் கதை வேறு. அங்கே நிலம் தனி ஆளுக்குச் சொந்தமல்ல. ‘ஆயிகா’ எனப்படும் பெருங்குடும்பத்துக்குச் சொந்தம். குடும்பம் தேர்ந்தெடுக்கும் ‘மதாய்’ என்ற தலைவர் அதை நிர்வகிப்பார். இன்றும் நாட்டின் நிலத்தில் சுமார் 80 சதவீதம் இப்படித்தான் இருக்கிறது. அதை விற்கக்கூடாது என்று அரசியல் சட்டமே தடுக்கிறது. சொந்த நிலமும் மீன் பிடிக்கக் கடலும் இருந்ததால், ஜெர்மானியர்கள் தென்னந்தோட்டம் போட்டபோது சமோவாக்காரன் கூலிக்குப் போக மறுத்தான். வேறு வழியில்லாமல் மெலனீசியத் தீவுகளிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஆள் பிடித்து வந்தார்கள். நிலம் கையில் இருக்கிறவன் கூலியைத் தீர்மானிக்கும் இடத்தில் இருக்கிறான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதனால் அவர்கள் சுகமாக இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1914-ல் நியூஜிலாந்துப் படை ஜெர்மனியிடமிருந்து தீவைப் பிடித்தது. 1918 நவம்பரில் ஆக்லாந்திலிருந்து ‘டலூன்’ என்ற கப்பல் விஷ ஜுரத்தோடு ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது. நியூஜிலாந்து நிர்வாகம் கப்பலைத் தனியே நிறுத்தவில்லை. ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சுமார் 8,500 பேர் மாண்டார்கள். பக்கத்து அமெரிக்கச் சமோவா கப்பல்களைத் தடுத்து நிறுத்தியது; அங்கே ஒருவர்கூடச் சாகவில்லை. சுயாட்சி கேட்டு ‘மாவ்’ இயக்கம் எழுந்தது. 1929 டிசம்பர் 28-ந் தேதி அமைதியாக ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் துப்பாக்கி சுட்டது. தலைவர் டூப்புவா டமாசேசே பலியானார்.

கப்பல் ஏறியவர்கள்

கரும்பு விலை விழுந்து, வேலையில்லாத் திண்டாட்டம் பெருகி, 1937-38-ல் பார்படோஸிலும் ஜமைக்காவிலும் தொழிலாளர் கிளர்ச்சி வெடித்தது. முன்பெல்லாம் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போவார்கள். 1952-ல் அமெரிக்கா சட்டம் போட்டு அந்தக் கதவைச் சாத்தியது. பிரிட்டனிலோ யுத்தத்துக்குப் பிறகு ஆள் பஞ்சம். 1948 ஜூன் மாதம் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பல் டில்பரி துறைமுகத்தில் வந்து நின்றது. அடித்தட்டுப் பயணத்துக்கு 28 பவுன் கட்டணம். தங்க இடமில்லாதவர்களை லண்டனில் விமானத் தாக்குதலுக்காகத் தோண்டிய பாதாளச் சுரங்கத்தில் படுக்க வைத்தார்கள். 1956 முதல் லண்டன் போக்குவரத்து நிர்வாகமே பார்படோஸுக்கு ஆள் அனுப்பி, பயணச் செலவைக் கடனாகக் கொடுத்து, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஆள் சேர்த்தது. ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸுகள் வந்தார்கள். அவர்கள் அந்நியராக வரவில்லை. 1948-ம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகளாகவே வந்தார்கள்.

நியூஜிலாந்திலும் இதே கதைதான். இறைச்சித் தொழிற்சாலை, கார் பூட்டும் தொழிற்சாலை, இரவு ஷிப்டு, ஆபீஸ் துடைக்கிற வேலை ஆகியவற்றுக்கு வெள்ளையர் கிடைக்கவில்லை. 1945-ல் அந்த நாட்டில் பசிபிக் தீவு மக்கள் சுமார் 2,000 பேர்தான். 1976-ல் 65,000-த்தைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் பெரிய கூட்டம் சமோவாக்காரர்கள். நிலம் இருக்கிறவன் ஏன் போனான்? சேப்பங்கிழங்கும் மீனும் வயிற்றை நிரப்பும். பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் தகரக் கூரைக்கும் ரொக்கம் வேண்டும். கொப்பரை, கொக்கோ, வாழைப்பழம் விற்றால்தான் ரொக்கம். அதன் விலையைத் தீர்மானிப்பது அவனல்ல.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, கவனியுங்கள். தொழிலாளியைப் பெற்று வளர்த்துப் படிக்க வைத்த செலவு கிராமத்தின் தலையில். உழைக்கிற வயதில் பலன் ஆக்லாந்து முதலாளிக்கு. மூப்படைந்தால் திரும்பவும் கிராமம் இருக்கிறது. ஆயிகாவின் நிலம், முதலாளி கொடுக்க வேண்டிய கூலியில் ஒரு பகுதியைச் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மேற்கிந்தியத் தொழிலாளிக்குத் திரும்பிப் போய் உட்கார அப்படி ஒரு நிலம் இல்லை. ஆகவே போன இடத்திலேயே வேர் விட்டாக வேண்டிய நிர்ப்பந்தம் அவனுக்கு அதிகம்.

லண்டனில் அவன் வீடு தேடினால் ‘கறுப்பருக்கு இல்லை’ என்று பலகை. ராக்மன் போன்ற வீட்டுக்காரர்கள் இடிந்த வீட்டை அறை அறையாகப் பிரித்துக் கொள்ளை வாடகை வாங்கினார்கள். பாங்கி கடன் தராது. அதற்கு அவர்கள் கண்ட வழி நம் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரிந்த வழிதான்: சீட்டு! அவர்கள் அதைப் ‘பார்ட்னர்’ என்பார்கள். வாரா வாரம் பணம் போட்டு, முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்து, பிரிக்ஸ்டனில் வீடு வாங்கினார்கள்.

1958-ல் நாட்டிங் ஹில்லில் வெள்ளைக் காலிகள் வீடு புகுந்து தாக்கினார்கள். அந்த நாட்களில் அந்த மக்களுக்குக் குரலாக இருந்தவர் டிரினிடாடில் பிறந்த கம்யூனிஸ்ட் கிளாடியா ஜோன்ஸ். அமெரிக்காவில் சிறையில் போட்டு, 1955-ல் நாடு கடத்தப்பட்டு லண்டன் வந்தவர். 1958-ல் ‘வெஸ்ட் இண்டியன் கெஸட்’ பத்திரிகையைத் தொடங்கினார். கலவரத்தின் ரணம் ஆறுமுன்பே, 1959 ஜனவரியில் ஒரு மண்டபத்துக்குள் கார்னிவல் திருவிழா நடத்தினார். 1964 டிசம்பரில் காலமானார். ஹைகேட் இடுகாட்டில் மார்க்ஸ் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

நாம் தொழிற்சங்கக்காரர்கள். ஆகவே கசப்பான ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பிரிஸ்டல் நகரத்து பஸ்களில் டிரைவராகவோ கண்டக்டராகவோ கறுப்பரை எடுப்பதில்லை. இந்தத் தடைக்கு நிர்வாகம் மட்டும் காரணமல்ல. ஓவர்டைம் குறைந்துவிடும், கூலி இறங்கிவிடும் என்று பயந்து, உள்ளூர்த் தொழிற்சங்கக் கிளையே 1955-ல் தீர்மானம் போட்டிருந்தது! 1963 ஏப்ரலில் மேற்கிந்திய இளைஞர்கள் பஸ் பகிஷ்காரம் தொடங்கினார்கள். பால் ஸ்டீபன்சன் முன்நின்றார். கிரிக்கெட் மேதை லியரி கான்ஸ்டன்டைன் அப்போது டிரினிடாடின் ஹைகமிஷனர். அவரும் வெளிப்படையாக ஆதரித்தார். நாலு மாதம் நடந்தே போனார்கள். ஆகஸ்டு 28-ல் நிர்வாகம் பணிந்தது. முதலில் கண்டக்டராக வேலையேறியவர் ஒரு சீக்கியர். நம் சங்கங்களில் இன்னும் ‘வெளியூர் ஆள் வந்து கூலியைக் கெடுக்கிறான்’ என்று பேசுகிற தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த பிரிஸ்டல் தீர்மானத்தை நான் தனியாக ஒருமுறை விளக்கத் தயார்.

கதவு தட்டிய கை

ஆள் பஞ்சம் தீர்ந்ததும் சட்டம் மாறியது. 1962, 1968, 1971 என்று பிரிட்டன் மூன்று சட்டங்கள் போட்டு, சொந்தப் பிரஜைகளையே படிப்படியாக அந்நியராக்கியது. நியூஜிலாந்தில் 1973-ல் எண்ணெய் நெருக்கடி. அதே ஆண்டு ஜனவரியில் பிரிட்டன் ஐரோப்பியச் சந்தையில் சேர்ந்தது, வெண்ணெய்க்கும் ஆட்டிறைச்சிக்கும் இருந்த பழைய சந்தை கையைவிட்டுப் போகத் தொடங்கியது. நெருக்கடிக்குப் பழி சுமக்க ஒரு முதுகு வேண்டுமே! 1974 முதல் 1976 வரை போலீஸார் இருள் பிரியுமுன் நாய்களோடு பசிபிக் மக்களின் வீடுகளில் நுழைந்து, படுக்கையிலிருந்து எழுப்பி, பாஸ்போர்ட் கேட்டார்கள். தொடங்கியது லேபர் சர்க்கார். தீவிரப்படுத்தியது மல்டூனின் நேஷனல் கட்சி சர்க்கார். தெருவில் தோல் நிறத்தைப் பார்த்து நிறுத்தியதில், அந்த மண்ணின் சொந்தக்காரர்களான மாவோரிகளும் அகப்பட்டார்கள். 1985-86-ல் எடுத்த கணக்கைப் பாருங்கள்: காலக்கெடு தாண்டித் தங்கியவர்களில் பசிபிக் மக்கள் மூன்றில் ஒரு பங்கு, ஆனால் வழக்குகளில் 86 சதவீதம் அவர்கள் மீது. பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் கிட்டத்தட்ட அதே மூன்றில் ஒரு பங்கு. வழக்கு 5 சதவீதம்.

1971-ல் ஆக்லாந்தின் பான்சன்பி வட்டாரத்தில் தோன்றிய ‘பாலினீஷியன் பாந்தர்ஸ்’ இளைஞர்கள் இதற்கு ஒரு பதில் கொடுத்தார்கள். விடியற்காலையில் மந்திரிகளின் வீட்டு வாசலுக்குப் போய், விளக்கடித்து, ஒலிபெருக்கியில் ‘பாஸ்போர்ட்டைக் காட்டு’ என்று கேட்டார்கள். மந்திரிகளுக்குத் தூக்கம் போனது.

வேடிக்கை என்னவென்றால், விரட்டப்பட்டவர்களில் பலர் சட்டப்படி நியூஜிலாந்துப் பிரஜைகளே. பலேமாயி லேசா என்ற சமோவாப் பெண்மணி வழக்குப் போட்டு பிரிவி கவுன்சில் வரை போனார். 1924-க்கும் 1948-க்கும் இடையில் மேற்குச் சமோவாவில் பிறந்தவர்கள் பிரஜைகள் என்று 1982 ஜூலையில் தீர்ப்பு வந்தது. இரண்டே மாதத்தில் மல்டூன் சர்க்கார் சட்டம் கொண்டுவந்து, சுமார் ஒரு லட்சம் பேரின் பிரஜாவுரிமையை ரத்து செய்தது.

வீடும் வேலையும்

இன்று எந்தச் சமூகம் மேலே இருக்கிறது என்று கேட்பீர்கள். எண்ணிக்கையில், 2023 சென்ஸஸ்படி நியூஜிலாந்தில் சமோவாக்காரர் சுமார் 2,13,000 பேர். சமோவா நாட்டிலேயே அதைவிடக் கொஞ்சம் குறைவு. தொழிலில், 1984-க்குப் பின் லேபர் சர்க்கார் சுங்கப் பாதுகாப்பை வெட்டியதும் தொழிற்சாலைகள் மூடின. 1990-களின் தொடக்கத்தில் பசிபிக் தொழிலாளரில் நாலில் ஒருவருக்கு மேல் வேலையில்லை. பிரிட்டனில் அதே நிலையில்தான் 1981-ல் பிரிக்ஸ்டன் தீப்பற்றியது. வீட்டில், இங்கிலாந்தில் மேற்கிந்தியக் குடும்பங்களில் சுமார் 40 சதவீதத்துக்குச் சொந்த வீடு. நியூஜிலாந்தில் சொந்த வீட்டில் வாழ்ந்த பசிபிக் மக்கள் 1986-ல் பாதிப்பேர், 2018-ல் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டார்கள். சீட்டுப் போட்டு மலிந்த காலத்தில் வாங்கிய தலைமுறை கொஞ்சம் தப்பித்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

குடும்பக் கட்டு சமோவாக்காரரிடம் வலுவாக இருக்கிறது. மகன் இங்கே வேலை இழந்தால் சித்தப்பன் வீட்டில் சோறு உண்டு. ஆனால் மதாய் முறையை நான் அப்படியே புகழ மாட்டேன். சமோவாவில் 1990 வரை மதாய்கள் மட்டுமே ஓட்டுப் போட முடிந்தது. சாவு, கல்யாணம், சர்ச் காணிக்கை என்று ஊருக்கு அனுப்பும் பணத்துக்காகத் தென் ஆக்லாந்தில் எத்தனையோ குடும்பங்கள் வட்டிக்காரனிடம் சிக்கியிருக்கின்றன. அனுப்புகிறவன் வயிற்றைக் கட்டுகிறான். அந்தப் பணம்தான் சமோவா நாட்டு வருமானத்தில் கால் பங்குக்கு மேல். 2007 முதல் புதிய ஏற்பாடு: ஆப்பிளும் கிவிப் பழமும் பறிக்க ஏழு மாதம் வரை ஆளை அழைத்து, பறித்து முடிந்ததும் திருப்பி அனுப்புகிறார்கள். இனி கதவைத் தட்டக்கூட வேண்டியதில்லை. விசாவிலேயே தேதி அச்சிட்டிருக்கிறது.

மன்னிப்புகளும் வந்தன. 2018-ல் பிரிட்டனில் ‘விண்ட்ரஷ்’ ஊழல் வெளிப்பட்டது. சிறுவயதில் தாயோடு வந்து நாற்பது, ஐம்பது வருஷம் உழைத்து வரி கட்டியவர்களிடம் அத்தாட்சி கேட்டு, வேலையைப் பிடுங்கி, வைத்தியம் மறுத்து, குறைந்தது 83 பேரைத் தவறாக நாடு கடத்தியிருக்கிறார்கள். அவர்கள் வந்ததற்கான சாட்சியான இறங்குச் சீட்டுகளை 2010-ல் உள்துறை இலாகாவே அழித்திருந்தது! மந்திரி ராஜினாமா செய்தார், 2019-ல் நஷ்டஈட்டுத் திட்டம் வந்தது. பணம் கைக்கு வருமுன் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள்.

நியூஜிலாந்தில் 2021 ஆகஸ்டு 1-ல் பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன், ஆக்லாந்து டவுன் ஹாலில் சமோவா வழக்கப்படி தலைமேல் பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். பாயை விலக்கி மன்னித்தார்கள். 2023-ல் தென் ஆக்லாந்தில் டோங்கா நாட்டவர் ஒருவர் வீட்டுக் கதவை அதிகாரிகள் மறுபடி விடியற்காலையில் தட்டினார்கள். 2024 நவம்பரில், பறித்த பிரஜாவுரிமையைத் திருப்பித் தரும் சட்டம் நிறைவேறியது. 1924-க்கும் 1949 தொடக்கத்துக்கும் இடையில் பிறந்தவர்கள் மனுப் போடலாம். அவர்களில் மிக இளையவருக்கு அப்போது 75 வயது. அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.