சாவி யார் கையில்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நிதிக் கல்விப் பயிற்றுநர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு கிரிப்டோ. "நமக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இப்போது குழுக்களில் அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: "பையன் போன்ல பிட்காயின் வாங்கி வச்சிருக்கேங்கிறான். இன்னும் வாங்க நகையை அடகு வைக்கச் சொல்றான். அந்தக் காசு எங்கேதான் இருக்கு? போச்சுன்னா யாருகிட்ட கேக்குறது?" கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பிட்காயின் போனுக்குள் இல்லை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே மாதிரியான கணக்குப் புத்தகம் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அதில் பதிவாகும். அந்தக் கணக்கிலிருந்து பணத்தை நகர்த்த ஒரு ரகசியச் சாவி வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் நினைத்தால்தான் பணம் நகரும். ஆகவே "காசு எங்கே?" என்பதைவிட "சாவி யார் கையில்?" என்பதே முக்கியம்.

சாவி விஷயம் நமக்குப் புதுசா என்ன? குழு ஆரம்பித்த காலத்தில் பணப்பெட்டி ஒருத்தர் வீட்டிலும் சாவி இன்னொருத்தர் வீட்டிலும் இருந்ததே! இன்றைக்கும் தீர்மான நோட்டில் எழுதாமல், கையெழுத்துப் போட வேண்டியவர்கள் போடாமல் வங்கியில் பணம் எடுக்க முடியாது. அதே கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள்.

கிரிப்டோவை வைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, எக்ஸ்சேஞ்ச். ஆதார், பான் கொடுத்துக் கணக்குத் தொடங்கி, ரூபாயைப் போட்டு வாங்கலாம், விற்கலாம். பாஸ்வேர்டு மறந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சுலபம்தான். ஆனால் சாவி கம்பெனியிடம் இருக்கும். நம் போனில் தெரிவது, "உங்களுக்கு இவ்வளவு தர வேண்டும்" என்று அவர்கள் எழுதிக் காட்டும் கணக்கு மட்டுமே.

2024 ஜூலை 18 அன்று இந்தியாவின் பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்றான வாசிர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடு போனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய். உடனே பணம் எடுப்பதை நிறுத்தினார்கள். சிங்கப்பூர் நீதிமன்றம் வரை போய், 2025 அக்டோபரில்தான் எக்ஸ்சேஞ்ச் மறுபடி இயங்கத் தொடங்கியது. திருட்டில் போகாத காயினை வைத்திருந்தவர்களும் முடங்கிப் போனார்கள். அப்படி மாட்டிய ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கிரிப்டோவும் ஒரு சொத்துதான் என்று சொல்லி, நீதிமன்றம் அவருக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கொடுத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்கு வக்கீல், வழக்கு, அலைச்சல் எல்லாம் வேண்டியிருந்தது.

வங்கியில் போட்ட பணத்துக்கு ஒரு வங்கிக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. கிரிப்டோவுக்கு அது கிடையாது. எக்ஸ்சேஞ்ச் மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பதிவு இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். ஆனால் அது கறுப்புப் பணத்தைத் தடுப்பதற்கான பதிவு. நம் காசு பத்திரம் என்ற உத்தரவாதம் அல்ல.

இரண்டாவது இடம், சொந்த வாலட். இதில் சாவி நம்மிடமே இருக்கும். வாலட் தொடங்கும்போது 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகள் வரும். அந்த வார்த்தைகள்தான் சாவி. போன் உடைந்தாலும், வேறு போனில் அவற்றை வரிசை மாறாமல் போட்டால் காசு வந்துவிடும். எக்ஸ்சேஞ்ச் மூடினாலும் நம் வாலட்டில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் வார்த்தைகள் தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. மேனேஜர் இல்லை, மனுக் கொடுக்க ஆபீஸ் இல்லை. பிரிட்டனில் நியூபோர்ட் என்ற ஊரில், சுமார் 8,000 பிட்காயினின் சாவி இருந்த ஹார்டு டிஸ்க் 2013-இல் குப்பையோடு குப்பையாகப் போய்விட்டது. அதைத் தோண்டி எடுக்க அனுமதி கேட்ட வழக்கும் 2025 ஜனவரியில் தள்ளுபடியானது. அந்தக் கணக்கு இன்றும் இருக்கிறது, திறக்கத்தான் ஆளில்லை.

வார்த்தைகள் இன்னொருவர் கைக்குப் போனாலும் அதே கதிதான். "கஸ்டமர் கேர்ல இருந்து பேசறோம், 12 வார்த்தையைச் சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் அவர் திருடர்தான். உண்மையான கம்பெனி எதுவும் அதைக் கேட்காது. தப்பான முகவரிக்கு அனுப்பிய காசையும் திருப்ப முடியாது. அதனால் முதலில் சிறு தொகையை அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகே மீதியை அனுப்ப வேண்டும்.

"அப்போ எதுதாங்க நல்லது?" இப்போதுதான் பழகுகிறவர், சிறு தொகை, அடிக்கடி வாங்கி விற்பவர் என்றால் எக்ஸ்சேஞ்ச் போதும். அதில் தேவைக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. பல வருடம் வைத்திருக்க நினைப்பவருக்குச் சொந்த வாலட் நல்லது. ஆனால் ஒரு நிபந்தனை. வார்த்தைகளைக் காகிதத்தில் எழுதி, நனையாத, கறையான் அரிக்காத இடத்தில் வைக்க வேண்டும். போட்டோ எடுக்கக் கூடாது, வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. அந்தக் காகிதம் இருக்கும் இடம் வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பையனுக்கு ஒன்று ஆகிவிட்டால், வாரிசுச் சான்றிதழைக் காட்டித் திறக்கிற பூட்டு இல்லை அது. இதைச் செய்ய முடியாத வீட்டுக்குச் சொந்த வாலட் வேண்டாம்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். லாபத்தில் 30 சதவீதம் வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

கடைசியாக, சாவி எங்கே இருந்தாலும் விலை பாதியாக விழலாம். அதனால் குழுச் சேமிப்பு, சுழல்நிதி, உள்கடன், வங்கிக் கடன் எதிலிருந்தும் ஒரு ரூபாய்கூட இதற்குப் போகக் கூடாது. நகையும் போகக் கூடாது. முழுசாகப் போனாலும் அடுப்பு எரியும் என்கிற காசாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். திட்டினால் மறைப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள்: "சாவி யார்கிட்ட இருக்கு? அது தொலைஞ்சா என்ன வழி? உனக்கு அடுத்து யாருக்குத் தெரியும்?" மூன்றுக்கும் தெளிவாகப் பதில் வராவிட்டால் நகையை எடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால், வெட்கப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி, தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.