அறியா வினா: மென்பொருள் குழுக்களை வழிநடத்தும் கலை



மொழிக்கென அமைந்த அவையில் மென்பொருள் குழுக்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். மென்பொருள் கணினிக்குள் இயங்கினாலும், அடிப்படையில் அது மனிதர் எழுதும் எழுத்து. பலர் சேர்ந்து அதை எழுதுகின்றனர். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கிறார், திருத்துகிறார். சில ஆண்டுகள் கழித்து, முதலில் எழுதியவரை ஒருமுறையேனும் கண்டிராத ஒருவர் அதன்மேல் தொடர்ந்து எழுதுகிறார். ஆகவே ஒரு குழு எப்படிப் பேசிக்கொள்கிறதோ அப்படித்தான் அதன் மென்பொருளும் அமைகிறது.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஐவர் கொண்ட குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் வழிகள் 10. பதின்மர் இருந்தால் அவ்வழிகள் 45. இருபதின்மர் இருந்தால் 190. ஆட்கள் இருமடங்காகும்போது பேச்சு வழிகள் நான்கு மடங்குக்கும் மேலாகின்றன. இத்தனை வழிகளையும் தலைவர் ஒருவர் காவல் காக்க இயலாது. தாம் பேசும் முறையால் பிறர் பேசும் முறையைப் பண்படுத்தவே அவரால் இயலும். அப்பேச்சிலும் முதன்மையானது அவர் கேட்கும் கேள்வி.

வினாக்கள் ஆறு வகைப்படும் என்பதை நன்னூல் வழியே நாம் பள்ளியில் கற்றிருக்கிறோம். அறி வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. தேர்வுக்காக மனனம் செய்து, தேர்வோடு மறந்துவிடும் பட்டியல் இது. ஆயினும் மென்பொருள் குழு ஒன்று நலமாக இருக்கிறதா என்பதை அளந்தறிய இதைவிடப் பொருத்தமான அளவுகோலை நான் கண்டதில்லை. இவற்றுள் சிலவற்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

ஐய வினாவுக்கு இடம்

அங்கே கிடப்பது பாம்போ கயிறோ என்று கேட்பது ஐய வினா. கேட்பவருக்கு விடை தெரியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று உள்ளம் சொல்கிறது. பொறியியலில் பேரிழப்புகளைத் தடுக்க வல்லது இந்த வினாவே. எளிதில் அடக்கப்படுவதும் இதுவே.

அமெரிக்காவின் அப்போலோ விண்கலங்களுக்கான மென்பொருளை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் ஹேமில்டன். 1960களில் அவர் தம் சிறு மகளைச் சில வேளைகளில் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் செல்வதுண்டு. ஒருநாள் அச்சிறுமி விண்வெளி வீரரைப்போல விசைகளை அழுத்தி விளையாடியபோது, பறந்துகொண்டிருக்கும் கலத்தில், புறப்பாட்டுக்கு முன்பு மட்டுமே இயக்க வேண்டிய நிரல் தொடங்கிவிட்டது. ஒத்திகைக் கருவி செயலிழந்தது. வீரர் ஒருவரே இவ்வாறு செய்துவிட்டால் என்ன ஆகும் என்று ஹேமில்டன் ஐயுற்றார். அதைத் தடுக்கும் கட்டளைகளை நிரலில் சேர்க்க இசைவு கேட்டார். நன்கு பயிற்சி பெற்ற வீரர்கள் ஒருபோதும் அப்பிழையைச் செய்யமாட்டார்கள் என்று சொல்லி மறுத்துவிட்டனர்.

1968 டிசம்பரில் அப்போலோ 8 நிலவைச் சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில், வீரர் ஜிம் லவல் அதே நிரலைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்தார். வழியறியும் தரவுகள் அழிந்தன. வானில் இருந்தோரும் தரையில் இருந்தோரும் சேர்ந்து அவற்றை மீட்க வேண்டியதாயிற்று. அதன் பின்னரே தாம் கேட்ட பாதுகாப்பைச் சேர்க்க இசைவு கிடைத்ததாக ஹேமில்டன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். லவல் திறமையற்றவர் அல்லர். களைப்பும் பரபரப்பும் சூழ்ந்த வேளையில் எந்த மனிதரும் தவறான விசையை அழுத்தக்கூடும். நல்லவர்கள் பிழை செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கையே அங்கே ஐய வினாவின் வாயை அடைத்தது.

இன்னொரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். 1998 டிசம்பரில் நாசா செவ்வாயை நோக்கி ஒரு தட்பவெப்ப ஆய்வுக் கலத்தை அனுப்பியது. தரையில் இயங்கிய ஒரு மென்பொருள், உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் தந்தது. அதைப் பெற்றுக்கொண்ட மற்றொரு மென்பொருளோ அதை நியூட்டன் அலகு என்று கொண்டது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு உண்டு. செவ்வாயின் தரைக்கு மேல் 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்ல வேண்டிய கலம் ஏறத்தாழ 57 கிலோமீட்டர் வரை தாழ்ந்து சென்றது. 1999 செப்டம்பர் 23ஆம் நாள் அது தொடர்பை இழந்தது; மீளவேயில்லை.

அலகு மாற்றத்தில் தவறுவது உயர்நிலைப் பள்ளி மாணவரும் செய்யும் பிழை. அது நேர்ந்ததில் வியப்பில்லை. ஒன்பது மாதப் பயணத்தில் அது வெளிப்படாமல் போனதே வியப்பு. கலத்தின் பாதையைக் கணித்தவர்கள் எண்கள் ஒத்துவராததைக் கண்டனர். ஆனால் அவர்களின் ஐயம் முறைப்படி பதிவாகவில்லை. முறைசாராத மின்னஞ்சல்களோடு அது நின்றுபோயிற்று. தீர்க்கும் கடமை உடையவரின் மேசைக்கு அது போய்ச் சேரவில்லை. குழுக்களுக்கு இடையிலான தகவல் பரிமாற்றக் குறைபாட்டையும் விசாரணைக் குழு காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது.

ஆகவே தலைவரின் முதற்கடமை, ஐயத்தைச் சொல்ல ஓர் இடத்தையும் அதைக் கேட்க ஒருவரையும் ஏற்படுத்துவதாகும். சிங்கப்பூரில் ஒரே குழுவில் பல இனத்தவரும் பல நாட்டவரும் பணியாற்றுகின்றனர். மூத்தவரை மறுத்துப் பேசலாகாது என்னும் பழக்கம் அவர்களுள் பலருக்கும் பொது. நமக்கும் உண்டு. அதை இகழ வேண்டியதில்லை. ‘ஐயா, எனக்கு ஓர் ஐயம்’ என்று கேட்பதில் மரியாதை குன்றுவதில்லை. ஆனால் அந்தச் சொற்றொடர் இளையவர் வாயில் வர வேண்டுமானால், கூட்டத்தில் தலைவர் தம் கருத்தைக் கடைசியாகச் சொல்லப் பழக வேண்டும். அவர் முதலில் முடிவைச் சொல்லிவிட்டு, யாருக்காவது ஐயம் உண்டா என்று கேட்டால், அறையில் அமைதியே விடையாகக் கிடைக்கும்.

அறியா வினாவாகக் கேட்டல்

விடை தெரிந்தும், பிறருக்குத் தெரியுமா என்று சோதிக்கக் கேட்பது அறி வினா. விடை தெரியாமல், அறிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. வகுப்பறையில் அறி வினாவுக்குப் பெரும்பயன் உண்டு. ஆனால் ஒரு சேவை முடங்கிப்போன மறுநாள் காலையில், ‘இதை யார் செய்தது?’ என்று தலைவர் கேட்பாராயின், பெரும்பாலும் விடையை மனத்தில் வைத்துக்கொண்டே கேட்கிறார். அங்கே அறி வினா குற்றச்சாட்டாகிவிடுகிறது. ஒரு பெயர் கிடைத்ததும் விசாரணையும் முடிந்துவிடுகிறது. ‘இது எப்படி நேர்ந்தது?’ என்று உண்மையாகவே அறியாதவராய்க் கேட்டால்தான் விசாரணை தொடங்குகிறது.

2017 ஜனவரி 31ஆம் நாள் கிட்லாப் நிறுவனத்தில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். இரவு நெடுநேரம் ஒரு சிக்கலோடு போராடிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சேவையகத்தில் அழிக்க வேண்டிய தரவுகளை முதன்மைச் சேவையகத்தில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியும் பெரும்பகுதி போய்விட்டது. காப்பு நகல்களைத் தேடியபோதுதான், நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த நகல் உண்மையில் எடுக்கப்படவே இல்லை என்பது தெரிந்தது. அதைத் தெரிவிக்க வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காக எடுத்த நகல் ஒன்று இருந்ததால் நிறுவனம் பிழைத்தது.

‘யார்’ என்று மட்டும் கேட்டிருந்தால் ஒரு பொறியாளர் வேலை இழந்திருப்பார். வெறுமையான காப்பு நகல்கள் அப்படியே கிடந்திருக்கும். அந்நிறுவனமோ மீட்புப் பணியை மக்கள் பார்க்கும்படி நேரலையாகக் காட்டியது. பின்னர் விரிவான அறிக்கை ஒன்றையும் வெளியிட்டது. நகல் ஏன் எடுக்கப்படவில்லை, எச்சரிக்கை ஏன் வந்து சேரவில்லை, இரு சேவையகங்களையும் ஏன் எளிதில் வேறுபடுத்தி அறிய முடியவில்லை என்ற திசையில் அதன் சிந்தனை சென்றது.

அப்படியானால் பொறுப்பு எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிழையை மறைப்பவரையும் தெரிந்தே விதியை மீறுபவரையும் இந்த முறை காப்பாற்றுவதில்லை. ஆனால் நேர்மையாகப் பணியாற்றித் தவறியவருக்குப் பொறுப்பு என்பது, நடந்ததை ஒளிக்காமல் எடுத்துரைப்பதும் மறுபடி நேராதபடி செய்வதும் ஆகும். நிகழ்ந்ததைப் பற்றி மிகுதியாக அறிந்தவர் அவரே. அவரை அச்சுறுத்தினால் நாம் இழப்பது அந்த அறிவை.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மன்சன் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து வழங்குவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். சிறந்த குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எண்களோ தலைகீழாக இருந்தன. நல்ல தலைமையும் நல்லுறவும் கொண்ட பிரிவுகளிலேயே மிகுதியான பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே செவிலியர் அச்சமின்றிப் பிழைகளைச் சொல்லியதே அதற்குக் காரணம் என அவர் விளக்கினார். கெட்ட செய்தியே வராத குழுவின் தலைவர் மகிழ்வதற்கு முன் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாள்தோறும் நிகழும் நிரல் சீராய்விலும் இப்பண்பு தேவை. ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் படித்துக் கருத்துரைக்கும் பணி அது. ‘ஏன் இப்படி எழுதினீர்கள்?’ என்று எழுதினால் அது எழுதியவரைத் தைக்கும். ‘பெயர்ப்பட்டியல் வெறுமையாக வந்தால் இந்த வரி என்ன செய்யும்?’ என்று எழுதினால் இருவர் பார்வையும் நிரலின்மேல் செல்லும். இரண்டும் ஒரே குறையையே சுட்டுகின்றன. முன்னதைப் படித்தவர் தம்மைக் காத்துக்கொள்ள முனைவார். பின்னதைப் படித்தவர் நிரலைத் திருத்துவார்.

ஏவல் வினாவும் கொடை வினாவும்

‘இன்னும் முடிக்கவில்லையா?’ என்பது வினா வடிவில் வரும் ஏவல். பணியிடத்தில் நாம் மிகுதியாகக் கேட்பதும் அதுவே. அதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, ‘ஏறத்தாழ முடிந்துவிட்டது’ என்பதாகும். அவ்விடையால் யாரும் எதையும் அறிவதில்லை. கொடுக்கும் பொருட்டுக் கேட்பது கொடை வினா. ‘உங்கள் பணியைத் தடுப்பது எது? நான் எதை ஏற்பாடு செய்து தர வேண்டும்?’ என்று தலைவர் கேட்டால், சோதனைச் சேவையகம் கிடைக்கவில்லை, வாடிக்கையாளர் தேவையைத் தெளிவாகச் சொல்லவில்லை, மூன்று இரவுகளாக உறக்கம் இல்லை என்பன போன்ற உண்மைகள் வெளிவரும். கேட்டபின் கொடுக்கவும் வேண்டும். கொடாமல் மறுபடி மறுபடி கேட்கும் கொடை வினா நாளடைவில் வெறும் சடங்காகிவிடும்.

வகுப்பறையில் தொடக்கம்

ஆசிரியப் பெருமக்களே, பிழையை மறைக்கும் பொறியாளர் அலுவலகத்தில் பிறப்பதில்லை. சிவப்பு மைக்கு அஞ்சி, நண்பரின் ஒப்படைப்பைப் பார்த்து எழுதிய மாணவரே பின்னாளில் அவராக வளர்கிறார். நிரலாக்க வகுப்பில் கணினி பிழையைக் கண்டால் எந்த வரியில் அது நேர்ந்தது என்று சொல்கிறது, எழுதியவரை இகழ்வதில்லை. மாணவர் திருத்தித் திருத்தி மீண்டும் முயல்கிறார். கட்டுரை வகுப்பிலும் அந்தத் துணிவு அவருக்குக் கிடைக்க வேண்டும். குழு ஒப்படைப்பு தரும்போது, முடிந்த படைப்போடு ஒரு பக்கக் குறிப்பையும் கேளுங்கள். வழியில் எது தவறிப்போயிற்று, அதை எவ்வாறு கண்டுபிடித்தோம், எதை மாற்றினோம் என்பவை அதில் இடம்பெறட்டும். அக்குறிப்பு நேர்மையாக இருந்தால் அதற்கும் மதிப்பெண் வழங்குங்கள்.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் பணி நேர்காணலுக்குச் செல்வீர்கள். முடிவில், ‘எங்களிடம் கேட்க ஏதேனும் உண்டா?’ என்பார்கள். சம்பளத்தையும் விடுப்பையும் கேளுங்கள், தவறில்லை. அவற்றோடு, ‘இங்கே கடைசியாக ஒரு பெரும்பிழை நேர்ந்தபோது அடுத்து என்ன நடந்தது?’ என்றும் கேளுங்கள். அவர்கள் ஒருவர் பெயரைச் சொல்லிச் சிரித்தால் அந்த இடத்தின் இயல்பு உங்களுக்குப் புரிந்துவிடும். எதை மாற்றினார்கள் என்று விளக்கினால் அங்கே நீங்கள் கற்றுக்கொள்ளவும் வளரவும் வாய்ப்பு உண்டு.

கருவிகள் மாறிக்கொண்டேயிருக்கின்றன. இன்று நிரலின் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது. தன்னம்பிக்கையோடு அது தரும் தவறான விடையைக் கண்டு, ‘இது பாம்போ கயிறோ’ என்று ஐயுறும் மனிதரின் தேவை முன்பைவிட இப்போது பெருகியிருக்கிறது. அந்த ஐயத்தைச் சொல்ல அவருக்கு இடம் வேண்டும். அறியாதவராய் அமர்ந்து அதைக் கேட்கும் தலைவரும் வேண்டும். வினா வகைகளை மாணவர்க்குக் கற்பிக்கும் ஒவ்வொரு தமிழாசிரியரும் அத்தகைய தலைவர்களை உருவாக்கும் பணியிலும் பங்குகொள்கிறார்.