பழைய டிஸ்கை அவசரப்பட்டு அழிக்காதீர்கள்

பேக்கப் வைத்திருக்கும் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது, நான்கு டெராபைட்டில் புதிதாக ஒன்று வாங்கியாயிற்று. பழையதில் இருப்பதைப் புதியதற்கு எப்படி மாற்றுவது? இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

முதலில் புது டிஸ்கின் ஃபார்மட்டைப் பாருங்கள். எங்கள் சர்வீஸ் கடைக்கு ஒரு ஸ்டுடியோக்காரர் வந்தார். டிஸ்கில் இடம் இருக்கிறது, கல்யாண வீடியோ மட்டும் ஏற மாட்டேன் என்கிறது என்றார். பார்த்தால் ஃபேட்32. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விண்டோஸுக்கு மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ், மேக்கிலும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் போதும். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும். அதனால் டிஸ்க் காலியாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள். பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருக்கும். நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தாலே ஒரு டெராபைட் ஏற மூன்று மணி நேரம் ஆகும். லேப்டாப் சார்ஜரிலேயே இருக்கட்டும்.

காப்பி முடிந்ததும் பலருடைய கை பழைய டிஸ்கை அழிக்கப் போகும். தயவுசெய்து பொறுங்கள். நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கிராமம் கிராமமாகப் போய்த் தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்து வைத்திருந்தார். அவற்றைப் புது டிஸ்கில் ஏற்றினோம்; ஃபைல்களின் எண்ணிக்கை சரி, அளவும் சரி. ஆனாலும் ஹாஷ் போட்டுப் பார்ப்போம் என்றேன். ஒரு ஃபைலின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு எழுத்தும் எண்ணுமாக 64 குறிகள் கொண்ட வரிசையாகத் தருவது எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹாஷ் முறை. உள்ளே துளி மாறினாலும் அந்த வரிசை அடியோடு மாறிவிடும். விண்டோஸில் இதற்கு ‘செர்ட்யூட்டில்’ என்ற கட்டளை கூடவே வருகிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். இரண்டு டிஸ்கிலும் போட்டோம். ஒரே ஒரு ஒப்பாரியில் மட்டும் வரிசை ஒத்துப்போகவில்லை. ஓடவிட்டால் நடுவில் குரல் அறுந்து, கரகரவென்று சத்தம். பாடிய பாட்டி காலமாகிவிட்டார், இனி யாரைப் பாடச் சொல்வது? பழைய டிஸ்க் அழியாமல் இருந்ததால் கேபிளை மாற்றி மறுபடி ஏற்றினோம். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் ஆசிரியர் எழுந்தார்.

ஹாஷ் கடினமாகத் தோன்றுகிறதா? அங்கங்கே சில படங்களையும் வீடியோக்களையும் புது டிஸ்கிலிருந்தே திறந்து, கடைசி வரை ஓடவிட்டுப் பாருங்கள். மேக்கில் டைம் மெஷின் பயன்படுத்துகிறவர்கள், புது டிஸ்கில் புதிதாகவே பேக்கப் தொடங்கிவிட்டு, பழையதை அப்படியே வைத்துக்கொள்வது நல்லது.

நேரம் நெருங்கிவிட்டது. ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்த பிறகே கேபிளை உருவுங்கள். பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், தேதி எழுதி ஒட்டி, நம்பிக்கையான உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். இந்த வாரமே செய்வீர்கள் என்று நம்புகிறேன்.