தவணை முடிந்தால் பொறுப்பை ஒப்படைப்போம்

(ஆண்டுப் பொதுக்குழுவில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

எங்கள் குழுவின் பதவிக்காலம் இவ்வாண்டுடன் நிறைவடைகிறது. கட்டிடப் பணி முடியும்வரை நீங்களே தொடரலாமே என அன்பர்கள் சிலர் கூறுகின்றனர். அவ்வன்புக்கு நன்றி. ஆயினும் அதனை நாங்கள் ஏற்க இயலாது. ஆவடியில் நாம் அனைவரும் கண்ட அனுபவமே அதற்குக் காரணம்.

2016 அக்டோபரில் தமிழக உள்ளாட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் முடிந்தது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாக இல்லை என்ற வழக்கில், நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இடைக்கால ஏற்பாடாகத் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். முதலில் குறிக்கப்பட்ட காலம் 2016 டிசம்பர் 31 வரையே. பின்னர் ஆறு மாதம், மேலும் ஆறு மாதம் என அது நீண்டது. வார்டு மறுவரையறை, வழக்குகள், பெருந்தொற்று என ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. 2019 ஜூனில் நம் ஆவடி மாநகராட்சியாக உயர்ந்தது. ஆனால் அதன் 48 வார்டுகளுக்கும் உறுப்பினர்கள் கிடைத்தது 2022 பிப்ரவரித் தேர்தலில்தான். சில மாத ஏற்பாடு, ஒரு மன்றத்தின் முழு ஆயுளையே விழுங்கிவிட்டது.

அலுவலர்கள் உழைக்கவில்லை என நாம் கூறவில்லை. எனினும் அலுவலர் மேலிடத்திற்குக் கணக்குச் சொல்பவர். உறுப்பினரோ தெருவுக்குக் கணக்குச் சொல்பவர். 2020 ஊரடங்கின்போது கதவைத் தட்டி முறையிட நமக்கு ஒரு வார்டு உறுப்பினர் இல்லை. மன்றங்களில் மகளிருக்குச் சரிபாதி இடம் எனும் சீர்திருத்தம் 2016இலேயே சட்டமானது. அதுவும் நகரங்களில் 2022வரை ஏட்டிலேயே இருந்தது.

இது புதிதன்று. ஊழல் புகாரை முன்னிட்டு 1973இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றம், 1996இல்தான் மீண்டும் தேர்தலைக் கண்டது. சீர்படுத்த வந்த ஏற்பாடு ஏறத்தாழ 23 ஆண்டுகள் நிலைத்தது. இத்தகைய நிலையைத் தடுக்கவே, 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியல் சட்டத் திருத்தம், நகர மன்றத்தின் ஐந்தாண்டு முடியுமுன் தேர்தலை முடிக்க வேண்டும் என்றது. மன்றம் கலைக்கப்பட்டால் ஆறு மாதத்திற்குள் தேர்தல் என்றது. ஊராட்சிகளுக்கும் இவ்வாறே விதி உண்டு. அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் 2016 நேர்ந்தது. 2025 ஜனவரியில் நம் திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு மீண்டும் தனி அலுவலர்களே வந்தனர்.

தவணையை நீட்டிப்பவர் தீயவராக இருக்க வேண்டியதில்லை. ‘பணி பாக்கியிருக்கிறது’ என்ற நல்லெண்ணமே போதும். பணியோ என்றும் பாக்கியிருக்கும்!

அன்பர்களே! பொறுப்பு என்பது அமானிதம். குறித்த நாளில் திருப்பித் தருவதே அதற்குரிய மரியாதை. ஆகவே தேர்தல் உரிய காலத்தில் நடைபெறட்டும். வரவு செலவுக் கணக்கு, ரசீதுப் புத்தகங்கள், கட்டிட ஒப்பந்தம் அனைத்தையும் உங்கள் முன்னிலையில் புதிய குழுவிடம் ஒப்படைப்போம். மீதிச் சுவரை அவர்கள் எழுப்பட்டும். அழைத்தால் கல் சுமக்க நாங்களும் வருவோம்.